மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறதா? நாடியைப் பிடித்துப் பாருங்கள்



"மேடு ஏறினா மூச்சு வாங்குது டிரசரய்யா, வயசாயிடுச்சு" என்று நாற்பது வயதிலேயே சொல்கிறவர்கள் கம்போங் ராஜா பக்கம் நிறையப் பேர். வயதின் மேல் பழி போடுமுன் அளந்து பார்க்க வேண்டாமா? ரத்த அழுத்தம், உடல் சூடு பார்ப்பது போல, இருதயமும் நுரையீரலும் சேர்ந்து உழைக்கும் திறனையும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க இருதயச் சங்கம் 2016-ல் டாக்டர்களுக்குச் சொன்னது.

உழைக்கும்போது தசைக்குப் பிராணவாயு வேண்டும். நுரையீரல் அதை இழுக்கிறது, ரத்தம் சுமக்கிறது, இருதயம் தள்ளுகிறது. இதில் எது தளர்ந்தாலும் மூச்சு வாங்கும். பெரிய ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி, ஓடவிட்டு அளப்பார்கள். நமக்கு ஒரு படிக்கட்டும் கடிகாரமும் போதும்.

"நாள் பூரா மலையிலதானே நிக்கிறோம், இதுக்கு மேல என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் 6,000 பேருக்கு மேல் 22 ஆண்டுகள் கவனித்து 1975-ல் வெளியிட்ட ஆய்வில், பாரம் தூக்கியவர்களுக்கு மாரடைப்புச் சாவு குறைவாகவே இருந்தது. ஆனால் டென்மார்க்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டது வேறு விதமாகச் சொல்கிறது. ஓய்வு நேரத்தில் நடப்பதும் விளையாடுவதும் இருதயத்துக்கு நல்லது. வேலையில் கடுமையாக உழைப்பவர்களுக்கோ இருதய நோய் கூடுதல். இடைவிடாமல் மணிக்கணக்கில் சுமந்தால் இருதயம் பலப்படுவதற்குப் பதில் களைத்துப் போகலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. வேலைக்கு நடுவே ஓய்வு கேட்பது சோம்பேறித்தனம் அல்ல. சங்கத் தலைவர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இப்போது சோதனைக்கு வருவோம். காலையில் எழுந்ததும், தேத்தண்ணி குடிக்குமுன், மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். கட்டை விரல் கூடாது, அதிலேயே துடிப்பு உண்டு. 60 முதல் 100 வரை சாதாரணம். பிறகு வேலையில்லாத நாளில், ஓர் அடி உயரமுள்ள படியில் வலது கால் மேலே, இடது கால் மேலே, வலது கீழே, இடது கீழே என்று ஏறி இறங்குங்கள். அது ஒரு சுற்று. பத்து விநாடிக்கு நாலு சுற்று வீதம் மூன்று நிமிடம். பிள்ளைகள் கடிகாரம் பார்த்துக் கைதட்டட்டும். முடிந்தவுடன் உட்கார்ந்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணி எழுதிவையுங்கள்.

பக்கத்து லயத்துக்காரரோடு ஒப்பிட வேண்டாம். மாதம் ஒருமுறை அதே படியில், அதே வேகத்தில் செய்து உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள். குறைந்துகொண்டு வந்தால் நெஞ்சு பலப்படுகிறது என்று அர்த்தம்; ஏறினால் காரணம் தேட வேண்டும். சிகரெட் ஒரு காரணம். தாய்மார்களுக்கு ரத்தச் சோகை இன்னொன்று: ரத்தம் குறைந்தால் நாடி வேகமாக ஓடும். சோற்றோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது. தேயிலைக்காரர்கள் நமக்கு இது சொல்லக் கஷ்டம்தான், ஆனாலும் ஒரு மணி நேரம் பொறுங்கள்.

நெஞ்சுவலி, அடங்காத பிரஷர், காய்ச்சல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைச் செய்யவே கூடாது. அட்டெனோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடி மெதுவாகவே இருக்கும், எண்ணை நம்ப முடியாது. நடுவில் நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே உட்காருங்கள். வலி அடங்காவிட்டால் வீட்டில் படுத்திருக்காமல் நேரே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எழுதிய தாளை டிஸ்பென்சரிக்கு வரும்போது கையோடு எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.