உறக்கமும் இரவு உடையும்

டில்லி, லக்னோ, பாட்னா முதலிய நகரங்களில் ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவது வழக்கம். அங்குள்ள பள்ளி விடுதிகளில் மாணவர்கள் பகலில் அணிந்த கம்பளிச் சட்டையுடனும் காலுறையுடனும் படுக்கைக்குச் சென்று, ரஜாய் எனப்படும் பஞ்சு மெத்தைப் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொள்கின்றனர். இவ்வளவு செய்தும் சிலர் நடுநிசியில் குளிரால் விழிக்கின்றனர். வேறு சிலர் வியர்த்து விழிக்கின்றனர். உடையின் கனத்தை மட்டும் கருதி, அது உடலின் வெப்பத்தை எவ்வாறு ஆள்கிறது என்பதைக் கருதாமையே இதற்குக் காரணம். களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் இதனை அறிந்திருப்பின், செலவின்றியே பலருக்கு நல்லுறக்கம் கிட்டச் செய்யலாம்.

உறக்கம் வரும் வேளையில் மனித உடலின் உள்வெப்பம் குறையத் தொடங்குகிறது. இரவில் அது ஏறத்தாழ 1 டிகிரி அளவு தாழ்கிறது. இவ்வெப்பம் பெரும்பாலும் கைகால்களின் வழியே வெளியேறுகிறது. அப்போது உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றின் இரத்த நாளங்கள் விரிவடைந்து, வெதுவெதுப்பான இரத்தத்தைத் தோலின் அருகே கொண்டுவருகின்றன. பாதங்கள் வெதுவெதுப்பாக உள்ளவர்கள் விரைவில் உறங்கிவிடுகின்றனர் என்பதை ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகர விஞ்ஞானிகள் 1999-ல் வெளியிட்டனர். ஆகவே குளிர்காலத்தில் தளர்ந்த காலுறை அணிந்து படுப்பது மூடப்பழக்கமன்று. ஆனால் கணுக்காலில் தடம் பதியுமளவு இறுக்கமான காலுறை ஆகாது.

உறங்குபவரின் தோலுக்கும் போர்வைக்கும் இடையே ஒரு சிறு சீதோஷ்ண நிலை உருவாகிறது. அது 32 முதல் 34 டிகிரி வரையிலும், ஈரப்பதம் 40 முதல் 60 சதவிகிதம் வரையிலும் இருப்பின் உடல் சுகமாக உணர்கிறது. இந்நிலையைக் காப்பது துணியின் இழை மட்டுமன்று. இழைகளுக்கு இடையே அசையாது அடைபட்டிருக்கும் காற்றே பெரும் பங்கு வகிக்கிறது. நிலைத்த காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். தண்ணீரோ காற்றைக் காட்டிலும் 20 மடங்குக்கு மேல் கடத்தும். எனவே ஒரு தடித்த துணியை இறுக அணிவதைவிட, இரண்டு மெல்லிய துணிகளைத் தளர்வாக அணிவது மேல். பகலெல்லாம் வியர்வையை உறிஞ்சிய சட்டை, கைக்கு உலர்ந்ததாகத் தோன்றினும், ஈரத்தைத் தன்னுள் கொண்டிருக்கும். படுக்கைக்கு முன் அதனைக் களைந்து உலர்ந்த உடைக்கு மாறுவது ஒரு போர்வையைக் கூடுதலாகப் பெற்றதற்கு ஒப்பாகும்.

இழைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 16 சதவிகிதமும், பருத்தி 8 சதவிகிதமும் ஈரத்தை ஏற்றுக்கொள்கின்றன. பாலியெஸ்டர் அரை சதவிகிதம்கூட ஏற்பதில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நடத்தப்பெற்று 2016-ல் வெளியான ஆய்வொன்றில், குளிர்ந்த அறையில் கம்பளி இரவு உடை அணிந்தோர் பருத்தி அணிந்தோரைவிடச் சில நிமிடங்கள் முன்னதாக உறங்கினர். இதைக் கொண்டு ஏழைக் குடும்பத்தாரிடம் கம்பளி வாங்கும்படி உபதேசிப்பது பொருந்தாது. சில நிமிட வேறுபாட்டைவிட, உள்ள துணி உலர்ந்திருப்பதே முக்கியம்.

ரஜாயைப் பற்றியும் இங்கே ஒன்று கூறவேண்டும். பஞ்சு நாளடைவில் அழுந்திக் கட்டியாகிவிடும்போது அதனுள் இருந்த காற்று வெளியேறிவிடுகிறது. எடை குறையாவிடினும் கதகதப்பு குறைகிறது. வட இந்தியாவில் துனியா என்று அழைக்கப்படும் பஞ்சுக்கொட்டி, வில்லின் நாணை அதிரச்செய்து பழம்பஞ்சை மீண்டும் நுரைபோல் ஆக்குகிறார். அவர் திருப்பித் தருவது உண்மையில் காற்றையே. வெயிலில் உலர்த்துவதும் ஈரத்தைப் போக்குவதால் பயனுடையது. அன்றியும், குளிர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. கயிற்றுக் கட்டிலில் படுப்பவர் இரண்டு ரஜாய்களையும் மேலே போர்த்திக்கொண்டு கீழே ஒரு விரிப்புடன் படுப்பாராயின், கயிற்றின் இடைவெளியால் புகும் காற்று முதுகின் வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். ஒன்றைக் கீழே விரித்தல் வேண்டும். அது இல்லையெனில் வைக்கோலும் கோணிப்பையும் போதும்.

இவ்வெளிய முறைகள் தெரியாமையால் நேரும் கேடு சாதாரணமானதன்று. போர்வை போதாத வீடுகளில் அங்கீதி எனும் கரிக் கணப்பை உறங்கும் அறைக்குள் வைத்துக் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிடுகின்றனர். கரி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் பற்றுடன் இணைவதால், உறங்குபவர் விழிக்காமலே உயிரிழக்கிறார். குளிர்காலந்தோறும் வட மாநிலங்களில் குடும்பம் குடும்பமாக இவ்வாறு மாண்ட செய்திகள் வருகின்றன. காஷ்மீரில் பேரன் எனும் நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்ரி நெருப்புச் சட்டியும் படுக்கைக்கு ஏற்றதன்று. தீக்காயம் மட்டுமன்றி, பல்லாண்டுப் பழக்கத்தால் தொடையிலும் அடிவயிற்றிலும் தோல் புற்றுநோய் உண்டாவதை மருத்துவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே பதிவு செய்துள்ளனர். படுக்கும் முன் நெருப்பை அறைக்கு வெளியே வைக்கச் சொல்லும் ஊழியர், அதற்கு ஈடாகப் படுக்கையை எவ்வாறு கதகதப்பாக்குவது என்பதையும் சொல்லவேண்டும்; இல்லாவிடில் அவர் சொல் ஏற்கப்படாது.

வகுப்பறையில் இதனை விளக்க மூன்று ஒரே அளவான குப்பிகளும் ஒரு வெப்பமானியும் போதும். குப்பிகளில் சம அளவு வெந்நீர் ஊற்றி, முதலாவதை ஒரு துணியால் இறுகச் சுற்றுக. இரண்டாவதை அதே அளவு துணியால் தளர்வாகப் பல மடிப்புகளாகச் சுற்றுக. மூன்றாவதை இரண்டாவதைப் போலவே, ஆனால் நனைத்துப் பிழிந்த துணியால் சுற்றுக. 5 நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துவரின், அரைமணி நேரத்திற்குள் ஈரத்துணிக் குப்பி மற்ற இரண்டையும் விட ஆறிவிடுவதையும், தளர்ந்த மடிப்புடையது அதிகச் சூட்டுடன் நிற்பதையும் மாணவர்கள் தாமே காண்பர்.

கடற்கரைப் பகுதிகளிலும் வங்காளத்திலும் பிரச்சினை நேர்மாறானது. ஜூலை மாதக் கொல்கத்தாவில் காற்றே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. வழிந்து சொட்டும் வியர்வையால் அப்பயன் இல்லை. புழுக்கத்தில் ஆழ்ந்த உறக்கமும் கனவுறக்கமும் குறைந்து விழிப்பு மிகுகிறது. இங்கே மெல்லிய, நெருக்கமின்றி நெய்த, தளர்ந்த பருத்தி உடையும் காற்றோட்டமுமே ஏற்றவை. மேற்சட்டையின்றி உறங்குவதும் தவறன்று. ஆனால் மலேரியா பரப்பும் கொசு இரவில் கடிப்பதாகையால் கொசுவலை அவசியம். உடலோடு ஒட்டிய துணியின் ஊடே கொசு கடித்துவிடும் என்பதால் நீண்ட கைச்சட்டை வலைக்கு ஈடாகாது.

குழந்தைகள் விஷயத்தில் இருபுறமும் ஜாக்கிரதை தேவை. பச்சிளங் குழந்தைக்குப் பெரியவர் அணிவதைவிட ஓரிரு மடிப்புத் துணி கூடுதலாக வேண்டும். எனினும் கோடையிலும் குல்லாய், கையுறை, கம்பளி அனைத்தையும் பூட்டி உறங்க வைப்பது அளவுமீறிய வெப்பத்தை உண்டாக்கும். முகத்தின்மேல் எத்துணியும் விழாதிருக்க வேண்டும். அங்கன்வாடி ஊழியர் தாய்க்குக் கற்பிக்கத்தக்க சோதனை எளிது: புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் வெதுவெதுப்பாயிருப்பின் உடை சரியானது. வயிறு வெதுவெதுப்பாயிருந்து பாதம் சில்லென்றிருப்பின் இன்னும் ஒரு துணி தேவை. இரண்டும் சில்லென்றிருந்தால், குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துப் போர்த்தி, அவ்வாறே சுகாதார நிலையத்திற்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். உடல் முழுவதும் சூடாகி முகம் சிவந்திருந்தால் ஒரு துணியைக் களைந்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் தொட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் சூடு தணியாவிடில் அது காய்ச்சலாக இருக்கக்கூடுமாதலால் மருத்துவரிடம் காட்டுதல் அவசியம்.