முதுகைத் தொட்டுப் பார்

அய்யலூர்,
வியாழக்கிழமை.

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் பெரியம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி. மழை வரப்போகிறது, அதனால்தான் வலிக்கிறது என்கிறாள். வானத்தைப் பார்த்தால் அப்படி எதுவும் தெரியவில்லை. மாப்பிள்ளையையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலிருந்து போனில் நீ பொரிந்து தள்ளியபோது நான் ‘உம்’ கொட்டியதோடு சரி. பதில் பேசியிருந்தால் பாதியில் நீ அழுதிருப்பாய், நான் சத்தம் போட்டிருப்பேன். எழுதினால் இரண்டு பேருக்கும் நிதானம் இருக்கும்.

நீ சொன்ன குறைகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஆறு வயதாகிறது, முதல் வகுப்பு, இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். வீட்டுப்பாடம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மதியத்துக்குள் பள்ளி விட்டுவிடுகிறது. மழையிலும் வெளியே விட்டு மண்ணில் விளையாட வைக்கிறார்கள். மதிப்பெண் கிடையாது. திண்டுக்கல்லில் உன் சித்தி பேரன் யூகேஜியிலேயே பத்து வரி எழுதுகிறான். கடைசியாக ஒன்று கேட்டாய்: “பெரியப்பா, பேசாமல் இவளை உங்களிடமே அனுப்பிவிடட்டுமா? அங்கே ஒரு நல்ல பள்ளியில் போட்டுவிடுங்கள்.”

இன்று சந்தை நாள். விடியற்காலையிலேயே போய்விட்டு வந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். வாங்குவதற்கு இல்லை, பழக்கம். நம் ஊர் ஆட்டுச் சந்தை உனக்கு மறந்திருக்காது. தராசு கிடையாது. தரகர் துண்டைப் போட்டுக் கையை மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார். சின்ன வயதில் நீ அந்தத் துண்டைத் தூக்கிப் பார்த்து வசவு வாங்கினாய். சந்தைக்கு வருகிற ஆட்டுக்குச் சிலர் முந்தின இரவே தண்ணீரை ஊட்டி வயிற்றை உப்ப வைத்துவிடுவார்கள். விவரம் தெரியாதவன் வயிற்றைப் பார்த்து விலை கொடுப்பான், வீட்டுக்கு வந்த மறுநாள் ஆடு பாதியாகிவிடும். உன் தாத்தா வயிற்றுப் பக்கமே பார்க்க மாட்டார். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலை வைத்து அழுத்துவார். சதை பிடித்திருக்கிறதா, எலும்பு தட்டுகிறதா என்று விரல் சொல்லிவிடும். “வயிறு நேத்து வந்தது, முதுகு நாளாப்பட்டு வந்தது” என்பார்.

நீ இப்போது பேத்தியின் வயிற்றைப் பார்த்துப் பயப்படுகிறாய் என்று எனக்குப் படுகிறது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. முப்பது வருடம் வாத்தியாராக இருந்து தண்ணீர் ஊட்டியவன் நான். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறதென்றால் ஒரு வாரம் ஒரே பாடத்தை ஓயாமல் ஓதவைப்போம். ஒருமுறை ஒரு சிறுமி எழுந்து கணீரென்று வாசித்தாள். அதிகாரி பாராட்டினார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்கு மட்டும் தெரிந்தது: வாய் ஒரு வரியில் இருந்தது, விரல் வேறொரு வரியில் இருந்தது. அவள் வாசிக்கவே இல்லை. அந்த விரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பிறகு செயல்வழிக் கற்றல் வந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, 2007-08-ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, படம் போட்ட அட்டையைத் தாங்களே எடுத்து, கற்றல் ஏணிப் படத்தைப் பார்த்து அடுத்த அட்டைக்குப் போனார்கள். சுவரின் அடிப்பாகத்தில் ஆளுக்குக் கொஞ்சம் கரும்பலகை. வருகைப் பதிவைக்கூடத் தாங்களே குறித்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? பெற்றோர் வந்து சண்டை போட்டார்கள். “அட்டையக் குடுத்து வெளையாட விட்டுட்டு வாத்தியாரு சும்மா ஒக்காந்திருக்காரு” என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ ஸ்டுட்கார்ட்டிலிருந்து பேசியது அச்சு அசல் அதே பேச்சு. அப்படிப் பேசியவர்களில் நானும் ஒருவன். முதல் வருடம் அந்த முறையை வாய் கொண்ட மட்டும் திட்டினேன். எழுப்பினாலே உடம்பு நடுங்குகிற ஒரு பையன், தன் பலகைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தானாகப் பெயர் எழுதியதைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினேன்.

ஆகவே “அங்கே சும்மா, இங்கே படிப்பு” என்று பிரிக்காதே. பின்லாந்தில் ஏழு வயதில்தான் முதல் வகுப்பே தொடங்குகிறது. அந்த நாட்டுப் பிள்ளைகள்தான் 2000-ல் நடந்த முதல் பீசா தேர்வில் வாசிப்பில் முதலிடம் வந்தார்கள். பல நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வைக்கிற தேர்வு அது. அதில் ஜெர்மனி சராசரிக்கும் கீழே போனது. ஏழை வீட்டுப் பிள்ளையும் வெளிநாட்டிலிருந்து வந்தவர் பிள்ளையும் அங்கே பின்தங்கிவிடுகிறார்கள் என்று தெரிந்து அந்த நாடே அதிர்ந்தது. நம் கதை இன்னும் மோசம். இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் அடுத்த சுற்றொன்றில் கலந்துகொண்டன. 2011 கடைசியில் முடிவு வந்தபோது 74 இடங்களில் இரண்டும் கடைசி மூன்று இடங்களுக்குள் நின்றன. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு அள்ளுகிற ஊர் நம்முடையது. வயிறு வேறு, முதுகு வேறு என்பது இதுதான்.

ஒவ்வொரு ஊர்ப் பள்ளியும் எதையோ ஒன்றை முதுகில் ஏற்றுகிறது, எதையோ விட்டுவிடுகிறது. எதை ஏற்றுகிறது என்று பார்த்து வாங்கிக்கொள். எதை விடுகிறது என்று பார்த்து நீ கொடு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

முதல் நாள் போட்டோ அனுப்பியிருந்தாய். பேத்தி தன் உயரத்தில் பாதிக்கு ஒரு காகிதக் கூம்பைக் கட்டிப்பிடித்து நின்றாள். ‘ஷூல்ட்யூட்டே’ என்று பெயர் சொன்னாய். உள்ளே மிட்டாய், பென்சில், பொம்மை. பள்ளி இனிக்கட்டும் என்று பிள்ளைக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள், அழகான வழக்கம். உன்னைப் பள்ளியில் சேர்த்த விஜயதசமியில் தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி உன் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்தோம். பிறகு பொரிகடலையும் சர்க்கரையும் பொட்டலம் கட்டி, வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைக்கும் உன் கையாலேயே கொடுக்கச் சொன்னோம். அங்கே முதல் நாளில் பிள்ளை வாங்குகிறது. இங்கே முதல் நாளில் பிள்ளை கொடுக்கிறது. ஒன்று ‘நீ முக்கியம்’ என்கிறது, மற்றது ‘நீ இவர்களில் ஒருத்தி’ என்கிறது. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு சட்டி பொரி உருண்டை பிடித்து அவள் கையாலேயே வகுப்புக்குக் கொடுக்கச் சொல்.

அவள் தனியாக நடந்து பள்ளிக்குப் போக வேண்டும், காரில் கொண்டுவந்து விடாதீர்கள் என்று பள்ளியில் சொன்னதற்கு நீ பதறினாய். நீ வடமதுரைப் பள்ளிக்கு எப்படிப் போனாய், யோசித்துப் பார். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனாய், யாரும் பதறவில்லை. இப்போது அய்யலூரில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் வேன் வாசலுக்கு வருகிறது. அவர்கள் ஊர்ப் பழக்கம் என்று நீ நினைப்பதில் பாதி நம் ஊர்ப் பழையது. நீச்சலும் அப்படித்தான். அங்கே 25 மீட்டர் நீந்தி, தண்ணீருக்கடியில் கிடக்கும் பொருளை எடுத்து வந்தால் ‘கடல்குதிரை’ பேட்ஜ் தருகிறார்களாமே. உன் அப்பனுக்கு நான் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டித் தள்ளிவிட்டுச் சொல்லிக்கொடுத்தேன். பேட்ஜ் இல்லை, முதுகில் ஒரு சிராய்ப்புதான். இப்போது கிணறும் வற்றிவிட்டது, நீச்சலும் போய்விட்டது.

ஆனால் எல்லாவற்றையும் ‘நம்மிடமும் இருந்தது’ என்று பெருமையில் சேர்த்துவிடாதே. ஜப்பானில் பிள்ளைகளே தங்கள் வகுப்பைக் கூட்டித் துடைக்கிறார்கள், நம் பள்ளியில் அதைச் செய்தால் சண்டைக்கு வருகிறார்களே என்று மாப்பிள்ளை கேட்டார். அங்கே துணியை எல்லாப் பிள்ளையும் எடுக்கிறது. எங்கள் காலத்தில் இங்கே துடைப்பம் எல்லார் கைக்கும் போகவில்லை. எந்தத் தெருப் பிள்ளை கூட்டுவது, எந்தத் தெருப் பிள்ளை குடத்தைத் தொடுவது என்பது யாரும் சொல்லாமலே நடந்தது. அந்த வடு இருக்கிற இடத்தில் ஒரு தாய் சண்டைக்கு வந்தால் அவள் பக்கம்தான் நியாயம். அதே சமயம், அந்தத் தெருக்களையெல்லாம் ஒரே வரிசையில் உட்கார வைத்ததும் பள்ளிதான். காமராஜர் காலத்தில் ஆரம்பித்து, 1982-ல் எம்.ஜி.ஆர். விரித்து, 2022-ல் காலை உணவும் சேர்ந்த சத்துணவுப் பந்தியை நான் தினம் பார்த்தவன். உன் மகள் அங்கே தன் டப்பாவைத் திறந்து தன் ரொட்டியைத் தின்கிறாள். அவ்வளவு வசதியான ஊரில் இந்தப் பந்தி அவளுக்கு இல்லை.

இனி டீச்சர் சொன்ன விஷயம். ‘வகுப்பில் வாயே திறப்பதில்லை’ என்றாராம். அதைத்தான் நீ போனில் கடைசியாக, மெதுவாகச் சொன்னாய். என் கணக்கில் அதுதான் முதலில் பார்க்க வேண்டியது. மேல்வகுப்புக்குப் போகப் போக அங்கே கைதூக்கிப் பேசுவதற்கே மதிப்பெண் உண்டு. பெரியவர்கள் முன்னால் வாயாடாதே என்று நாம் வளர்க்கிறோம். இங்கே அது அடக்கம், அங்கே அது ‘தெரியவில்லை’. கண்ணைப் பார்த்துப் பேசுவது இங்கே திமிர், அங்கே நேர்மை. பிள்ளைக்கு இரண்டையும் வெளிப்படையாகச் சொல்லிக்கொடு: “வீட்டில் தாத்தாவிடம் இப்படி, பள்ளியில் டீச்சரிடம் அப்படி.” பிள்ளைகளுக்கு இது குழப்பமே இல்லை. செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரிந்துகொள்வதைப்போலத் தெரிந்துகொள்வார்கள்.

பேச ஒரு விஷயமும் கொடு. உன் நாட்டைப் பற்றிச் சொல் என்று கேட்டால் தாஜ்மகாலைச் சொல்ல வைக்காதே, அதை அவளே பார்த்ததில்லை. தேவாங்கைச் சொல்லச் சொல். நம் அய்யலூர்க் காட்டில் இரவில் உலவுகிற, கண் மட்டும் பெரிதாக இருக்கிற அந்தச் சின்ன உயிருக்காக 2022-ல் கரூர், திண்டுக்கல் இரண்டு மாவட்டக் காடுகளையும் சேர்த்து 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவித்தார்கள். நாட்டிலேயே தேவாங்குக்கென்று வந்த முதல் சரணாலயம் அது. தேவாங்கு பூச்சி பிடித்துத் தின்று விவசாயிக்கு உதவுகிறது. வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று கையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும்.

நான்காம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களே, பல்கலைக்கழகப் படிப்புக்குக் கொண்டுபோகிற கிம்னாசியம் பள்ளி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் உனக்கு இருக்கிறது. பத்து வயதில் பிரிப்பது எனக்கும் பிடிக்கவில்லை. பெர்லினில் ஆறு வருடம் சேர்த்துப் படிக்க விடுகிறார்கள், அது தேவலை. ஆனால் அங்கே கைத்தொழிலுக்குப் போகிறவன் கம்பெனியில் சம்பளத்தோடு பழகிக்கொண்டே பள்ளியிலும் படிக்கிறான், பிறகு ‘மைஸ்டர்’, அதாவது தொழில் ஆசான் என்று தலை நிமிர்ந்து நடக்கிறான். நம் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டை அரத்தால் ராவி ராவிச் செய்கிறவர் மகனை மட்டும் ‘படிக்காவிட்டால் உன் அப்பன் மாதிரி ஆகிவிடுவாய்’ என்றே நாங்கள் மிரட்டினோம். அந்த மிரட்டலை நீ மூட்டை கட்டி அங்கே கொண்டுபோகாதே. நான்காம் வகுப்புக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

அந்தப் பள்ளி எவ்வளவு நல்லதானாலும் தராத ஒன்று தமிழ். அது உன் பொறுப்பு. 1983 கலவரத்துக்குப் பிறகு கையில் ஒன்றுமில்லாமல் அங்கே போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர்கள் ஊர் ஊராகத் தமிழாலயம் வைத்து, விடுமுறை நாளில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மலேசியாவில் 500-க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. தோட்டக்காட்டில் பால் வெட்டியவர்கள் விடாததை, இன்ஜினீயர் வீடு விடலாமா? பக்கத்தில் தமிழாலயம் இருக்கிறதா என்று விசாரி. அவர்கள் ‘கதைக்கிறோம்’ என்பார்கள், நாம் ‘பேசுகிறோம்’ என்போம். இரண்டும் அவள் காதில் விழட்டும்.

நீ கேட்டதற்குப் பதில்: அனுப்பாதே. பேத்தி இங்கே இருந்தால் எனக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் அது என் ஆசை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அம்மா இருக்கிற ஊர்தான் பள்ளிக்கூடம். இங்கே நான் அவளைச் சேர்த்தால் ஆறே மாதத்தில் வயிற்றை நிரப்பிக் காட்டிவிடுவார்கள். நீயும் பூரித்துப்போவாய்.

இன்னொன்று. அவள் காதுபட அந்தப் பள்ளியைக் குறை சொல்லாதே, நம் ஊரையும் குறை சொல்லாதே. இரண்டு ஊரிலும் அவள் வாழ வேண்டியிருக்கிறது.

ஆகஸ்டு விடுமுறைக்கு வரும்போது ஒரு வியாழக்கிழமை இருக்கிற மாதிரி டிக்கெட் போடு. விடியலில் சந்தைக்குக் கூட்டிப் போய், அவள் விரலை ஒரு குட்டியின் முதுகில் வைத்து அழுத்திக் காட்டுகிறேன். அதற்கு முன்னால் எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல். இரண்டு வரி போதும். ‘ர’வுக்கு ‘ற’ போட்டிருந்தாலும், எழுத்து தலைகீழாக இருந்தாலும் நீ கை வைக்காதே. பேத்தி எழுதியது எனக்கு அப்படியே வர வேண்டும்.

அன்புடன்,
உன் பெரியப்பா.