நேயர் விருப்பமும் வீரர்க்கு நிதியும்

செவிக்கு மட்டுமே பேசும் கருவி வானொலி. ஆயினும் மலேசியத் தமிழர் இல்லங்களில் அது பெற்றுள்ள இடம் பெரிது. விடியற்காலையில் பால்மரம் வெட்டச் செல்லுமுன் செய்தி கேட்டவரும், மாலையில் லயத்து வாசலில் அமர்ந்து பாடல் கேட்டவரும் நம் முன்னோரே. அஞ்சலட்டையில் பாடலின் பெயரையும் குடும்பத்தார் பெயர்களையும் எழுதி அனுப்பிவிட்டு, அப்பெயர்கள் நேயர் விருப்பத்தில் ஒலிக்கும் நாளுக்காகக் காத்திருந்தோர் பலர். இன்று அவ்விருப்பம் தொலைபேசி வாயிலாக நொடிப்பொழுதில் நிலையத்தை அடைகிறது. வழி மாறினும் விருப்பம் மாறவில்லை.

தனக்குப் பிடித்த பாடலைக் கேட்க வேண்டும். அதனைத் தன் பெயரோடு நாலுபேர் கேட்க வேண்டும் என்னும் இவ்வெளிய ஆசையை நற்பணிக்குத் திருப்ப இயலும். அதன் முறை வருமாறு: வானொலி நிலையம் ஒரு நாளைக் குறித்து, நிதி எதற்காகத் திரட்டப்படுகிறது என்பதை முன்னரே அறிவிக்கும். நேயர் ஒருவர் அழைத்துத் தம் பெயரையும், விரும்பும் பாடலையும், தாம் தரும் தொகையையும் கூறுவார். தொண்டர்கள் அவற்றைக் குறித்துக்கொள்வர். அறிவிப்பாளர் பெயரைப் படித்துப் பாடலை ஒலிபரப்புவார். ஒருவர் கேட்ட பாடல் மற்றவரையும் அழைக்கத் தூண்டும். ஒருவர் தருவது 5 வெள்ளி மட்டுமே ஆகலாம். ஆனால் 1,000 வீட்டார் அவ்வாறு தந்தால் 5,000 வெள்ளி சேர்ந்துவிடும். சிறுதுளி பெருவெள்ளம் என்பது இதுவன்றோ!

இம்முறை உலகில் பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. ஜப்பானில் நிப்போன் ஒலிபரப்பு நிலையம் 1975ஆம் ஆண்டில், கிறிஸ்துமஸ் திருநாளையொட்டி 24 மணிநேர இசை நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. கண்பார்வையற்றோர் அஞ்சாது சாலையைக் கடக்க உதவும் ஒலி எழுப்பும் சமிக்ஞை விளக்குகளை அமைப்பதற்காக அதில் நிதி திரட்டப்பட்டது. நெதர்லாந்தில் 2004ஆம் ஆண்டு, வானொலி அறிவிப்பாளர் மூவர் உத்ரெக்ட் நகரின் சதுக்கத்தில் அமைத்த கண்ணாடி வீட்டினுள் உணவருந்தாது 6 நாள் தங்கி, நன்கொடை தந்தவர் விரும்பிய பாடல்களை ஒலிபரப்பினர். திரண்ட நிதி செஞ்சிலுவைச் சங்கத்தின் பணிக்குச் சென்றது. பின்னர் பெல்ஜியம், சுவீடன் ஆகிய நாடுகளும் இம்முறையைப் பின்பற்றின.

மாற்றுத்திறனாளி விளையாட்டாளர்களுக்கு இத்தகைய நிதி மிகவும் பொருந்தும். ஏன் என்பதை அறிய, அவ்விளையாட்டுகளின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், போரில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தவர் மருத்துவர் லுட்விக் குட்மன். மருந்தோடு விளையாட்டும் அவர்களுக்கு வாழ்வளிக்கும் என்று அவர் நம்பினார். 1948ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள், லண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அன்றே, சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரைக் கொண்டு அம்பெய்தல் போட்டி நடத்தினார். அச்சிறு விதையே வளர்ந்து, 1960ஆம் ஆண்டு ரோம் நகரில் ஏறத்தாழ 400 பேர் கலந்துகொண்ட முதல் பாராலிம்பிக் போட்டியாயிற்று.

இவ்விளையாட்டுகளுக்குத் தனிக் கருவிகள் தேவை. பந்தயச் சக்கர நாற்காலிக்கு மூன்று சக்கரங்கள். முன்சக்கரம் நீண்டு நிற்கும். கூடைப்பந்து ஆடும் நாற்காலியின் சக்கரங்களோ விரைந்து திரும்புவதற்கேற்பச் சாய்ந்திருக்கும். மருத்துவமனையில் காணும் நாற்காலி இவற்றுக்கு ஈடாகாது. விலையிலும் இவை பன்மடங்கு உயர்ந்தவை. பார்வையற்றோர் ஆடும் கோல்பால் விளையாட்டில், உள்ளே மணி வைத்த 1.25 கிலோகிராம் எடையுள்ள பந்து உருட்டப்படும். ஆடுவோர் மணியோசையைக் கேட்டே பந்தைத் தடுப்பர். ஆகையால் ஆட்டம் நடக்கையில் பார்வையாளர் வாய்திறவாமல் அமர்ந்திருத்தல் வேண்டும். பார்வையற்ற ஓட்டக்காரரோ, கையில் சிறு கயிற்றால் இணைந்த வழிகாட்டி ஒருவருடன் ஓடுவார். ஆகவே ஒருவரின் பயிற்சிக்கு இருவரின் பயணச் செலவு வேண்டியதாகிறது.

இங்கு நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வெற்றி பெற்ற பின் பரிசும் பாராட்டும் தாமே தேடி வருகின்றன. வெற்றிக்கு முன்னுள்ள ஆண்டுகளில்தான் கை கொடுப்பார் அரியர்.

தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவின் வாழ்க்கை இதற்குச் சான்று. ஐந்து வயதில் பேருந்து ஏறியதால் அவரது வலக்கால் நசுங்கிற்று. காய்கறி விற்றுப் பிள்ளைகளைக் காத்த தாயார், மகனின் மருத்துவத்துக்காகக் கடன்பட்டார். பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் தந்த ஊக்கத்தால் உயரம் தாண்டப் பழகிய அவர், 2016ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். உடனே தமிழ்நாடு அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. பின்னர் தோக்கியோவில் வெள்ளியும், 2024ஆம் ஆண்டு பாரிசில் வெண்கலமும் பெற்றார். தங்கம் வென்றபின் வந்த கோடிகள் போற்றத்தக்கவையே. ஆனால் அத்தாய் கடனுக்கு அலைந்த நாளில் சில ஆயிரம் ரூபாய் கிட்டியிருப்பின் அக்குடும்பம் எத்துணை ஆறுதல் அடைந்திருக்கும்! அதே ஊக்கம் உடைய வேறு சிறுவர் எத்தனை பேர் உதவியின்றி வீட்டினுள்ளேயே தங்கிவிட்டனரோ!

நம் நாடும் இத்துறையில் பின்தங்கவில்லை. பளுதூக்கும் வீரர் மாரியப்பன் பெருமாள் மலேசியாவுக்குப் பாராலிம்பிக் பதக்கம் பெற்றுத் தந்த தமிழர். 2006ஆம் ஆண்டு ஆசிய பசிபிக் வட்டார மாற்றுத்திறனாளிகளின் பெஸ்பிக் போட்டியும், 2017ஆம் ஆண்டு ஆசியான் பாரா போட்டியும் கோலாலம்பூரில் நடைபெற்றன. ரியோவில் ரிட்சுவான் புசி 100 மீட்டர் ஓட்டத்தில் நாட்டின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். அப்போட்டியில் மலேசியா பெற்ற தங்கம் மூன்று. அவ்வாண்டு முதல் பாராலிம்பிக் தங்கத்துக்கும் ஒலிம்பிக் தங்கத்துக்கு நிகராக 10 லட்சம் வெள்ளி வழங்க அரசு முடிவு செய்தது. உச்சியில் நிற்போர்க்கு இதனால் நீதி கிடைத்தது. அடிப்படியில் நிற்கும் சிறுவனுக்கு நாற்காலியும் காலணியும் பேருந்துக் கட்டணமும் யார் தருவர்? நேயர் தரும் 5 வெள்ளி செய்யவல்ல பணி அதுவே.

பெற்றோர்களே, தோட்டத்துத் தொழிலாளத் தோழர்களே! கொடுக்கும் முறையிலும் நாம் கருத்தாய் இருத்தல் வேண்டும். வீரரின் துயரைக் காட்டி நேயரை அழவைத்துப் பணம் பெறுதல் தகாது. அவர் எவ்வளவு தூரம் ஓடினார், எவ்வளவு எடை தூக்கினார், இனி எதை எட்ட விழைகிறார் என்பதை அவரே எடுத்துரைக்கட்டும். பாடலை விரும்பிக் கேட்டவர் பாடலைப் பெற்றார். வீரர் கருவியைப் பெற்றார். இருவரும் தலைநிமிர்ந்து நிற்பதே இம்முறையின் சிறப்பு. மேலும், திரட்டிய தொகைக்குப் பற்றுச்சீட்டு வேண்டும். வரவும் செலவும் பின்னர் யாவரும் அறிய அறிவிக்கப்பட வேண்டும். வீடுவீடாகவோ தெருவிலோ நிதி திரட்ட, 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறையின் உரிமம் பெறுதல் வேண்டும் என்பதையும் மறவாதீர்.

வானொலி நிலையம் நமக்கு எட்டாதே என எண்ண வேண்டியதில்லை. கம்போங் மேடான் வட்டாரத்தில் தோட்டப்புறத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல. கூடிச் செயலாற்றும் பழக்கம் நமக்குப் புதிதன்று. பள்ளி விளையாட்டு விழாவன்று ஓர் ஒலிபெருக்கியும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பற்றுச்சீட்டுப் புத்தகமும் இருந்தால், ஒரு மணிநேர நேயர் விருப்பத்தைத் திடலிலேயே நடத்திவிடலாம். அதே திடலில் நம் பள்ளியின் மாற்றுத்திறனாளி மாணவரும் ஓடுவதற்கு ஒரு தடம் ஒதுக்கப்படுமாயின், அதுவே தலைசிறந்த உதவியாகும்.

மாணவமணிகளே! ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், முயற்சி இல்லாமையே ஒருவர்க்குப் பழி என்று அறிவுறுத்துகிறார். முயற்சி வீரருடையது, அம்முயற்சி வீணாகாமல் காத்தல் நம் கடமை.

சிந்தித்து விடை தருக:

1. ஒருவர்க்கு 5 வெள்ளி வீதம் 360 பேர் தந்தால் சேரும் தொகை எவ்வளவு?
2. கோல்பால் ஆட்டத்தின்போது பார்வையாளர் அமைதி காப்பது ஏன்?
3. வெற்றிக்குப் பின் தரும் பரிசினும் வெற்றிக்கு முன் தரும் உதவி சிறந்தது எனப்படுவது ஏன்?