எட்டா, பத்தா? பைனாகுலர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வகுத்தல் கணக்கு



போன எபிசோடில் ஸ்வரோவ்ஸ்கியின் ஏஐ பைனாகுலர் பற்றி ஒரு அஞ்சு நிமிஷம் பேசினோம். 2024 ஜனவரியில் வந்த ஏஎக்ஸ் விசியோ. பறவையைப் பார்த்து பட்டனை அமுக்கினால், உள்ளேயே அதன் பேரைக் காட்டும். 9000க்கும் மேற்பட்ட இனங்களை அதுக்கு அடையாளம் தெரியும். விலை நாலாயிரம் யூரோவுக்கு மேல. "அதெல்லாம் இருக்கட்டும், சாதாரணமா ஒண்ணு வாங்கணும்னா எதைப் பார்த்து வாங்குறது?"ன்னு கேட்கிறவங்களுக்காக இந்த வாரக் கடிதம்.

முதல்ல நான் ஏமாந்த கதை. ஓஸ்லோ வந்த முதல் ஜூன் மாசம், ஆன்லைனில் மலிவா ஒரு 10×25 வாங்கினேன். பாக்கெட்ல வைக்கிற சைஸ். 8ஐ விட 10 பெரிசு, சின்னதா இருக்கு, விலையும் குறைவு. வேற என்ன வேணும்? கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவன், ஸ்பெக் ஷீட் படிக்கத் தெரியும்னு ஒரு தெனாவட்டு வேற. ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிற ஊர்ல ஜூன் மாசம் எந்த பைனாகுலரும் நல்லாத்தான் தெரியும். தப்பு அக்டோபர்லதான் தெரிஞ்சது.

என் கூட புராஜெக்ட்ல இருக்கிற ஒரு நார்வேக்காரர் எல்க் வேட்டைக்குப் போறவர். இங்க துப்பாக்கி எடுத்துக்கிட்டுக் கண்டபடி காட்டுக்குள்ள போயிட முடியாது. யேகர்ப்ரோவன்னு ஒரு தேர்வு எழுதணும். அதுக்கப்புறமும் ஒவ்வொரு வேட்டைக் குழுவுக்கும் இத்தனை கன்று, இத்தனை பசு, இத்தனை காளைன்னு கணக்குப் போட்டுத்தான் அனுமதி. "துப்பாக்கி இல்லாம சும்மா வந்து உட்காரு"ன்னு கூப்பிட்டார். கோங்ஸ்விங்கர் பக்கம் ஒரு காடு, ஓஸ்லோவிலிருந்து கார்ல ஒன்றரை மணி நேரம். அன்னைக்கு அவங்க குழுவுக்கு மிச்சம் இருந்தது ஒரு காளைக்கான அனுமதி மட்டும்.

சூரியன் இறங்கி இருபது நிமிஷம் இருக்கும். எதிர்ல மரம் வெட்டின வெட்டவெளி, அதோட ஓரத்துல கறுப்பா ஏதோ நகர்ந்தது. என் 10×25ல பார்த்தா, பெரிசா ஒரு கறுப்பு. பத்து மடங்கு பெரிசாக்கின இருட்டு, அவ்வளவுதான். இளங்காளைக்குக் கொம்பு ரெண்டு குச்சி மாதிரிதான் இருக்கும். அது இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியவே இல்ல. அவர் தன்னோட 8×56ஐத் தூக்கி ஒரு நிமிஷத்துக்கு மேல பார்த்தார். கடைசியில ரகசியக் குரல்ல, "பசு. பின்னாடி கன்று நிக்குது"ன்னார். துப்பாக்கி மடியை விட்டு எழும்பவே இல்ல. அவர் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தேன். காது, கழுத்துக்குக் கீழ தொங்குற தாடி, அதுக்குப் பின்னால ஒரு சின்ன முதுகு, எல்லாம் தெரிஞ்சது. மே, ஜூன்ல பிறந்த கன்று. தாயை இழந்திருந்தா அந்தக் குளிர்காலத்தை அது எப்படித் தாண்டும்?

"ரைஃபிள் ஸ்கோப்பில் பார்த்துக்கலாமே?"ன்னு கேட்டேன். முறைச்சார். என்னன்னு தெரியாத ஒண்ணை ஸ்கோப் வழியா பார்க்கிறதுன்னா, என்னன்னு தெரியாத ஒண்ணை நோக்கித் துப்பாக்கியை நீட்டுறதுன்னு அர்த்தம். அது காளான் பறிக்க வந்த மனுஷனாக்கூட இருக்கலாம். அதனாலதான் வேட்டைக்காரருக்கு பைனாகுலர் தனியா வேணும்.

இப்ப கணக்குக்கு வருவோம். 10×25ல முதல் எண் எத்தனை மடங்கு பெரிசாகும்னு சொல்றது. ரெண்டாவது, முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். ரெண்டாவதை முதலால வகுங்க. 25÷10 = 2.5 மி.மீ. இதுதான் பின்பக்கம் உங்க கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டம். பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடிச்சு வெளிச்சத்தைப் பார்த்தா அந்த வட்டம் கண்ணுக்கே தெரியும். 8×56க்கு 7 மி.மீ., 8×42க்கு 5.25, 10×42க்கு 4.2.

பகல்ல நம்ம கண் பாப்பா 2, 3 மி.மீ. தான். அதனாலதான் ஜூன்ல என் பொம்மை ஜோரா வேலை செஞ்சது. அந்தியில அது 6 மி.மீ. வரைக்கும் விரியும்னு வைங்க. பரப்பளவைக் கணக்குப் போட்டா, 2.5 மி.மீ. வட்டம் அந்தத் திறப்பில் ஆறில் ஒரு பங்கைத்தான் நிரப்பும். டிசம்பர் கடைசியில ஓஸ்லோவில் மத்தியானம் மூணரைக்குள்ள சூரியன் மறைஞ்சிடும். சொல்லப்போனா, அந்த ஏஐ பைனாகுலர் 10×32, அதாவது 3.2 மி.மீ. மட்டும். பேர் சொல்றது சரி, வெளிச்சத்தை அது எங்க இருந்து கொண்டு வரும்?

அப்ப எல்லாரும் 56 வாங்கலாமான்னா, வேண்டாம். ஒரு கிலோவைத் தாண்டும் எடை. உட்கார்ந்து காத்திருக்கிற வேட்டைக்கு அது ஓகே, நடந்து நடந்து பறவை பார்க்கிறவர் கழுத்து போயிடும். இதை எனக்குப் புரிய வச்சது எங்க அப்பா.

அப்பாவுக்கு வயசு எழுபது தாண்டிடுச்சு. ஊர் நாங்குநேரி பக்கம். கூந்தன்குளத்துக்கு வர்ற வரித்தலை வாத்தையும் மஞ்சள்மூக்கு நாரையையும் வெறுங்கண்ணால பார்த்தே வளர்ந்தவர். ஒரு மே மாசம் இங்க வந்தப்போ ஓஸ்டென்ஷோ ஏரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டி-பானேல ஓப்சால்ல இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தா வந்துடும். நகரத்துக்குள்ளயே பறவைகளுக்குன்னு காப்பிட ஏரி. கொண்டை முக்குளிப்பான் ஜோடி தலையை ஆட்டி ஆட்டி ஆடிக்கிட்டிருந்தது. என் 10×25ஐ நீட்டினேன். கண்ணாடியோட வச்சுப் பார்த்தார், கழட்டிட்டுப் பார்த்தார். "ஏல, சாவித் துவாரத்துல பாக்க மாதிரில்ல இருக்கு"ன்னு திருப்பிக் குடுத்துட்டு, கால் வலிக்குன்னு போய் பெஞ்சுல உட்கார்ந்துட்டார். கால் வலியெல்லாம் இல்லன்னு எனக்குத் தெரியும்.

மூக்குக்கண்ணாடி போட்டவங்க பார்க்க வேண்டியது ஐ ரிலீஃப். அதாவது, கண் எவ்வளவு தள்ளி இருந்தாலும் முழு வட்டமும் தெரியும்ங்கிற தூரம். 15 மி.மீ.க்குக் குறைஞ்சா வாங்காதீங்க. இன்னொண்ணு, வயசாக ஆக கண் பாப்பா விரியுறது குறையும். அறுபது தாண்டினவங்களுக்கு 5 மி.மீ. விரிஞ்சாலே பெரிசு. அவங்களுக்குப் பெரிய 56க்குக் காசு கொட்டுறது வேஸ்ட். 8×32 போதும், எடையும் பாதி. அப்பாவுக்கு அதைத்தான் அப்புறம் வாங்கினேன்.

பறவைக்கு 8ஆ 10ஆன்னு கேட்டா, என் ஓட்டு 8க்கு. 10ல கை நடுக்கமும் பத்து மடங்கு, பார்வைப் பரப்பும் குறுகும். புதருக்குள்ள தத்துற பட்டாணிக்குருவியைப் பிடிக்கிறதுக்குள்ள அது பறந்திடும். ஏரிக்கரையில தூரத்து வாத்துதான் குறின்னா 10 எடுக்கலாம். 10-30ன்னு ஜூம் போட்டது எதையும் தொடாதீங்க.

சரி, ரெண்டு 8×42, ஒண்ணு 1500 குரோனர், ஒண்ணு 30,000. எண் ஒண்ணுதானே? வித்தியாசம் உள்ள இருக்கிற பட்டகத்தில். நேர்க்குழாய் மாதிரி இருக்கிற 'ரூஃப்' வகையில் ஒளி ரெண்டாப் பிரிஞ்சு திரும்பச் சேரும்போது ஒண்ணோட ஒண்ணு மோதி படம் மங்கும். 1988ல ஸைஸ் கம்பெனி இதுக்கு ஃபேஸ் கோட்டிங் கொண்டு வந்தது. பெரும்பாலான ரூஃப் பட்டகங்களில் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சும் வேணும். அலுமினியம் பூசினா சுமார் பத்து சதவீத ஒளி அங்கயே போயிடும், டைஎலெக்ட்ரிக் பூச்சுன்னா ஒரு சதவீதம்கூட போகாது. தோள் அகலமா இருக்கிற பழைய 'போரோ' வகைக்கு இந்த ரெண்டு பூச்சுமே தேவையில்ல.

அதனால, 2000 குரோனருக்குள்ளன்னா போரோ 8×40, 8×42 மாதிரி பாருங்க. அந்த விலை ரூஃபை விட படம் தெளிவா இருக்கும். நைட்ரஜன் அடைச்சதான்னு மட்டும் கேளுங்க. மைனஸ் பத்துல இருந்து வீட்டுக்குள்ள வந்தா, அடைக்காத கண்ணாடி உள்பக்கமா வேர்த்துடும். 3000 முதல் 6000 வரைக்கும் முடியும்னா ரூஃப், ஆனா ஃபேஸ், டைஎலெக்ட்ரிக் ரெண்டும் எழுதியிருக்கணும். நிக்கான் மோனார்க் எம்7, வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் ஹெச்டி இந்த ரகம். என்னைக் கேட்டா நம்மில் முக்கால்வாசிப் பேர் இங்க நின்னுடலாம். 30,000 குடுத்தா கிடைக்கிறது ஓரம் வரைக்கும் கூர்மையும், அந்தியின் கடைசிப் பத்து நிமிஷமும். வேட்டைக்காரருக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் எல்லாமே. எனக்கு அப்படியில்ல.

ஃபின் சைட்ல பழசு வாங்குறீங்கன்னா, எதிர் வீட்டுக் கூரை விளிம்பைப் பாருங்க. கோடு ரெண்டாத் தெரிஞ்சா, இல்ல ரெண்டு நிமிஷத்துல தலை வலிச்சா, குழாய் ரெண்டும் நேர்ல இல்ல. முன்பக்கமா மொபைல் டார்ச் அடிச்சு உள்ள பூஞ்சை இருக்கான்னும் பாருங்க. வலது கண் பக்கம் இருக்கிற வளையத்தைத் திருகி உங்க கண்ணுக்குச் சரி பண்ணிட்டு அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க.

கடைக்குப் போறதா இருந்தா மத்தியானம் போகாதீங்க. குளிர்காலத்துல, ஆபீஸ் முடிஞ்சு, இருட்டுற நேரமாப் போங்க. வாசலுக்குக் கொண்டு போய்ப் பார்க்கலாமான்னு கேளுங்க. தெரு விளக்குக்கு எட்டாத மரமா ஒண்ணைப் பிடிச்சு, கிளைகளை எண்ணிப் பாருங்க.