நோயாளி இருக்கும் வீட்டில் ஆப்பசோடா

கீமோதெரபி பெற்று வீடு திரும்பியவருக்கு ஃபினைலின் மணமே குமட்டலை உண்டாக்கிவிடக்கூடும். ஆஸ்துமா உள்ளவருக்கோ அதே நெடி மூச்சிரைப்பைத் தூண்டலாம். இத்தகைய இல்லங்களில் அன்றாடத் துப்புரவுக்குச் சமையலறையிலுள்ள ஆப்பசோடா நல்ல துணையாகும்.

சோடியம் பைகார்பனேட் என்னும் இவ்வெண்பொடி மென்மையான காரத்தன்மை உடையது. வியர்வை, திரிந்த பால் முதலியவற்றின் வாடைக்கு அவற்றிலுள்ள அமிலங்களே பெரிதும் காரணம். அவ்வமிலங்கள் காரத்தோடு சேர்ந்து உப்பாகிவிடுவதால் வாடை காற்றில் எழுவதில்லை. ஒரு மணத்தால் மற்றொன்றை மறைக்கும் வேலையன்று இது. குளிர்பதனப் பெட்டியின் உட்புறத்தைத் துடைக்க, 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 4 மேசைக்கரண்டி கரைத்தால் போதும். பாத்திரம் கழுவும் தொட்டியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க, சிறிது நீர் விட்டுக் குழைத்துத் தேய்க்கலாம். அலுமினியப் பாத்திரங்கள் கறுத்துவிடும், அவற்றுக்கு வேண்டாம். வினிகரோடு கலந்து நுரை பொங்கச் செய்வதை இன்று பலர் விரும்புகின்றனர். நுரை அடங்கியபின் எஞ்சுவது பெரும்பாலும் நீரும் சாதுவான ஓர் உப்புமே. ஆகவே இரண்டையும் தனித்தனியே பயன்படுத்துவதுதான் பலன் தரும்.

ஆயினும், ஆப்பசோடா அழுக்கை நீக்குமேயன்றி, கிருமிகளை அழிக்கும் என்று நம்புதல் கூடாது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர் வாழும் வீட்டில் இவ்வேறுபாடு மிக முக்கியமானது. இரத்தமோ வாந்தியோ மலமோ பட்ட தரையைக் கையுறை அணிந்து காகிதத்தால் ஒற்றியெடுத்து, சோப்பு நீரால் கழுவுங்கள். பின்பு, 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் ஒரு பங்கிற்கு 9 பங்கு நீர் சேர்த்து, அவ்விடத்தை நனைத்து, 10 நிமிடங்கள் கழித்துத் துடைக்க வேண்டும். சன்னல்கள் திறந்திருக்கட்டும், நோயாளி வேறு அறையில் இருக்கட்டும். அக்கரைசலோடு வினிகர், எலுமிச்சை, கழிவறை அமிலம் எதனையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நுரையீரலைப் புண்ணாக்கும் குளோரின் வாயு அதிலிருந்து வெளிப்படும்.

கடையில் கேட்கும்போது பெயரில் கவனம் தேவை. சலவை சோடா வேறு பொருள். அதன் காரம் கடுமையானது, தோலை அரிக்கக்கூடியது.

நெஞ்செரிச்சலுக்கு ஆப்பசோடாவைக் கரைத்துக் குடிக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 1,250 மில்லிகிராம் சோடியம் உள்ளது. உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு உடையோர் மருத்துவரைக் கேளாமல் இதனை அருந்துதல் ஆகாது. துப்புரவுக்கென எடுத்து வைத்த டப்பாவின்மீது பெயரெழுதி, அடுப்பங்கரைப் பொருட்களினின்று விலக்கி வையுங்கள்.