தீபாவளிப் படமும் அப்பாவின் ஷிப்டும்

பண்டிகை டெலிமூவிகளில் ஒரு கதை அடிக்கடி வரும். வேலை, வேலை என்று ஓடுபவர் கடைசியில் மனம் மாறி வீட்டுக்கு வருவார். பழைய கதைதான். சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய ‘எ கிறிஸ்மஸ் கேரல்’ கதையில் ஸ்குரூஜும் இப்படித்தான் மாறுவார்.

போன தீபாவளிக்குக் கமுந்திங்கில் எங்கள் வீட்டில் அப்படியொரு படம் பார்த்துக் கண் கலங்கினேன். அப்பா தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தார். “நம்ம அப்பாவும் இப்படித்தாம்மா” என்றேன்.

அம்மா சொன்னார்: “பெருநாள்ல சம்பளம் கூட கிடைக்கும்னு அவரே கேட்டு வாங்குன ஷிப்ட்டுடா. உன் செமஸ்டர் பீஸ் எங்கேருந்து வருதுன்னு நினைச்சே?”

ஸ்குரூஜ் பணத்துக்காக உறவை மறந்தவர். அப்பா உறவுக்காகப் பண்டிகையை விட்டவர். இரண்டும் ஒன்றல்ல. திருவள்ளுவர் 5-ஆம் அதிகாரத்தில் இல்வாழ்க்கையைச் சொன்னார். குடும்பத்தை உயர்த்தச் சளைக்காமல் உழைப்பதை 103-ஆம் அதிகாரமான குடிசெயல்வகையில் சொன்னார். அவருக்கு வீடும் வேலையும் எதிரிகள் அல்ல. யாருக்காக உழைக்கிறோம் என்பதே கேள்வி.

இந்த வருஷமும் அப்பாவுக்குக் காலை ஷிப்ட். விடியற்காலை 4 மணிக்கே எண்ணெய் வைத்து, சாமி கும்பிட்டுத்தான் அனுப்பப்போகிறோம். அவர் திரும்பி வந்த பிறகுதான் இலை போடுவோம்.

உங்கள் வீட்டில் யாருக்கு ஷிப்ட்? யாருக்காக என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.