வீட்டுப் பீடத்தைக் காத்த பெண்கள்

ஐக்கிய அமெரிக்காவில் 'ஹிஸ்பானியர்' என்றொரு பெயர் வழங்குவதை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மெக்சிக்கோ, போட்டோரிக்கோ, கியூபா முதலிய இடங்களை வேராகக் கொண்ட ஸ்பானிய மொழிவழி மக்களை அந்நாட்டு அரசு இப்படி ஒரே பெயருக்குள் அடக்கியது.

இவர்கள் எல்லோரும் குடியேறி வந்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1848இல், போரில் தோற்ற மெக்சிக்கோ தன் வடபகுதியை விட்டுக்கொடுத்தபோது, அங்கிருந்த மக்கள் வீட்டுவாசலை விட்டு நகராமலே வேறொரு நாட்டவராயினர். மறை மாறவில்லை. ஆனால், புதிதாக வந்த ஆயர்களும் குருமாரும் பெரும்பாலும் ஐரோப்பியர். அம்மக்கள் செதுக்கிய மரச் சுரூபங்கள் அவர்களுட் சிலருக்கு அழகற்றவையாகத் தோன்றின. ரெக்சாஸ் மாநிலக் கோவில்கள் சிலவற்றில் மெக்சிக்கருக்குப் பின்வரிசைதான் கிடைத்தது.

அப்படியாயின் விசுவாசம் எங்கே பிழைத்தது? பாட்டிமாரின் கையில். வீட்டு மூலையில் ஒரு சிறு பீடம். அதில் குவாதலூப்பே அன்னையின் படம், மெழுகுதிரி, இறந்தவர்களின் புகைப்படங்கள். பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் பழக்கியவளும், செபமாலையை முன்னின்று சொன்னவளும், பயணம் போகும் மகனின் நெற்றியில் ஆசீர் வரைந்தவளும் அவளே. குருவானவர் அரிதாக வந்துபோன ஊர்களில் வேறு யார் இதைச் செய்வார்? 1531இல் தெப்பேயாக் குன்றில் அன்னை புனித ஹுவான் தியேகோவிடம் அவருடைய நாவாத்தில் மொழியிலேயே பேசினார் என்பது மரபு. தன் மொழி ஏளனம் செய்யப்படுவதைக் கண்ட பெண்ணுக்கு அந்த அன்னை எவ்வளவு நெருக்கமாயிருந்திருப்பார் என்று எண்ணிப்பாருங்கள்.

துறவறம் புகுந்தவர்களுக்கு வேறொரு சோதனை. சில மடங்களில் ஸ்பானிய மொழி பேசக்கூடாது. சொந்த மக்களிடையே பணிசெய்யவும் பலருக்கு உத்தரவு கிடைக்கவில்லை. 1971 ஏப்ரலில் கிரகோரியா ஒர்த்தேகா, குளோரியா கயார்தோ என்னும் இரு சகோதரிகளின் அழைப்பை ஏற்று, ஹூஸ்ரன் நகரில் 50 கன்னியர் கூடினர். 'சகோதரிகள்' என்று பொருள்படும் 'லாஸ் எர்மானாஸ்' அமைப்பு பிறந்தது.

அவர்கள் வெளிக்கொணர்ந்த ஒரு செய்தி மனதை உறுத்துவது. மெக்சிக்கோவிலிருந்து வந்த கன்னியர் பலர் அமெரிக்கக் குருமடங்களிலும் பங்குமனைகளிலும் சமையலும் சலவையுமே செய்துகொண்டிருந்தனர். வெளியே அவர்களுடைய மொழி பேசும் மக்களோ ஞானோபதேசம் சொல்லித்தர ஆளின்றி இருந்தனர். சமையல் இழிவான தொழிலன்று. அதற்கு மட்டுமே இவர்கள் தகுதி என்று எண்ணியதுதான் இழிவு.

கியூபாவில் பிறந்த ஆதா மரியா இசாசி டியாஸ் (1943–2012), அருட்சகோதரி யொலாந்தா தராங்கோவுடன் சேர்ந்து, சாதாரணப் பெண்களிடமே சென்று அவர்களுடைய விசுவாசத்தைப் பற்றிக் கேட்டறிந்து 1988இல் ஒரு நூல் வெளியிட்டார். அன்றாட வாழ்வின் போராட்டத்திலிருந்தே இறையியல் பிறக்கலாம் என்பது அவர் துணிபு.

அன்னையின் பெயரைச் சொல்லியே "பொறுத்துக்கொள்" என்று பெண்களுக்குப் போதித்ததும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும், 1966இல் கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் கூலிக்கும் உரிமைக்குமாக டெலானோவிலிருந்து சாக்ரமென்ரோ வரை நடந்தபோது, முன்னே சென்றது குவாதலூப்பே அன்னையின் கொடி. அவர்களுடைய சங்கத்தை 1962இல் தொடங்கியவர்களுள் ஒருவர் தொலோரெஸ் ஹுவெர்த்தா. பல பிள்ளைகளின் தாய்.